விடுதி திறக்கிற நாள் தள்ளிப்போனபோது

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். அதுவும் மழை பெய்தால் மூடிவிடுகிற ஒரு பள்ளிக்கூடத்தில். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது, ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் அடுப்பில் என்ன வைத்தேன் என்று எழுந்து போய்விடுவேன். எங்கள் தெருப் பெண்கள் சங்கத்தில் ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், புத்தகமாகப் போடப்போகிறார்களாம். மற்றவர்கள் வெள்ளம் வந்தது, பிள்ளைக்குக் கல்யாணம் ஆனது என்று எழுதுகிறார்கள். எனக்கு நினைவில் தைத்துக் கிடப்பது ஒரு கோடை லீவுதான். முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பூர் பக்கம் ஒரு யூனிவர்சிட்டி வளாகத்தில், பெண் பிள்ளைகள் தங்குகிற விடுதியில் எனக்கு வேலை. கூட்டுவது, துடைப்பது, மெத்தை உதறிப் போடுவது. அங்கே என்னை எல்லோரும் மாவுசி என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். விளக்குமாறு பிடிக்கிற எல்லாப் பெண்களுக்கும் அங்கே அந்தப் பெயர்தான்.

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் வளாகம் தூங்குகிற மாதிரி இருக்கும். உள்ளே எங்களுக்கு அப்போதுதான் இடுப்பு ஒடியும். கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. கோடைச் செய்தியும் இனி நடக்கப்போகிற நிகழ்ச்சியும் அதில்தான் ஒட்டுவார்கள். எந்தக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், என்றைக்குத் தண்ணீர் வராது, எந்த ஊர் வாத்தியார்கள் பயிற்சிக்கு வருகிறார்கள், புதுப் பிள்ளைகளுக்கு வரவேற்பு எப்போது, எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், கீழே கொஞ்சம் மராத்தி. எனக்கு அது ஆகாது. எனக்கு மெத்தைதான் பலகை. மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போடச் சொன்னால் ஆள் வரப்போகிறது. பக்கெட் பத்தவில்லை என்று அலைந்தால் கூட்டம் பெரிது. மெஸ்ஸில் காரத்தைக் குறைக்கச் சொன்னால் வருகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

அந்த வருஷம் ஒரு புதுச் செய்தி ஒட்டினார்கள். கேட்டில் நிற்கிற மராத்திக்கார வாட்ச்மேன்தான் எனக்கு வாசித்துச் சொன்னார். பன்னிரண்டாவது முடித்த, வீட்டில் யாருமே காலேஜ் வாசலை மிதிக்காத பெண் பிள்ளைகளுக்கு ஒரு மாத வகுப்பு. விடுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டும். கடைசிவரை இருந்து முடித்தால் அந்த வருஷமே டிகிரியில் இடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

எனக்கு உடனே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஞாபகம்தான் வந்தது. தாராவியில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். பிள்ளையின் அப்பா பள்ளிக்கூடப் பை தைக்கிற காரகானாவில் மிஷின் ஓட்டுகிறவர். என்னை அக்கா என்பார், அதனால் அவர் மனைவிக்கு நான் மதினி, பிள்ளைக்கு அத்தை. பிள்ளை நன்றாகப் படிக்கும். அதற்கு மேலே படிக்க வைக்க அந்த வீட்டில் வழி இல்லை. காரகானாவில் அப்பாவுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார வேண்டியதுதான் என்று ஆகியிருந்தது. மிஷினைக் கூடப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

பிள்ளை விண்ணப்பம் போட்டது, கூப்பிட்டுப் பேசினார்கள், இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம் ஒரு நாள்தான். கூடவே ஒரு கண்டிப்பும் வந்தது. திறக்கிற அன்றைக்கு சாயங்காலம் ஹாலில் பேர் வாசிப்பார்கள். அப்போது ஆள் இருக்க வேண்டும். இல்லை என்றால் காத்திருக்கிற பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும். நடுவில் ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் அதே கதைதான்.

இப்போது எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்கள் ஆட்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கம். தெரு அம்மனுக்கு வருஷம் ஒரு கொடை நடத்துவோம். கொடைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் கால் என்று ஒரு கம்பு நடுவார்கள். கால் நட்டுவிட்டால், கொடை முடிகிற வரைக்கும் தெருக்காரர்கள் ராத்திரி எல்லைக்கு வெளியே படுக்கக் கூடாது. வேலைக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம், படுக்கிறதுக்கு வந்துவிட வேண்டும். கால் நடுவதற்கு முன்னாலேயே வெளியே போனவர்களுக்கு இது கிடையாது. சாமியாடி வீட்டுக்கு மட்டும் கட்டு ரொம்ப இறுக்கம். அம்மன் யார் மேல் வந்து ஆடுகிறதோ அவர்தான் சாமியாடி. பிள்ளையின் பெரியப்பா வெகுகாலம் ஆடினார். அவர் இறந்துபோய், அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பிள்ளையின் அப்பா ஆடப்போகிறார். மனுஷன் அப்போதிருந்தே பாதி ஆளாக இருந்தார். விரதம் என்று செருப்புப் போடுவதில்லை, வெளியே டீ குடிப்பதில்லை.

நல்லவேளை, விடுதி திறப்பது ஞாயிற்றுக்கிழமை. கால் நடுவது அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.

"முந்தியே போயிருவாள்லா? அப்ப ஒண்ணும் தோஷமில்ல," என்றார் அவர். அவரே கடைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பக்கெட்டும் பூட்டும் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை விடுதி மேல் மாடியில் கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு கதவைத் தள்ளினேன். விரல் ஒட்டிக்கொண்டது. பெயிண்ட் காயவில்லை. அடுத்த அறையில் ஏணி அப்படியே நின்றது. அதற்கடுத்த அறைகளில் சுவரைச் சுரண்டிப் போட்டுவிட்டு ஆட்களையே காணோம். இங்கே எப்படி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் படுப்பார்கள்? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

வீட்டுக்கு வந்தால் பிள்ளை போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். அவள் அம்மாவும் பக்கத்தில்.

"அத்த, தள்ளி வச்சிட்டாங்க. புதன்கிழமைதான் திறக்காங்களாம்."

புதன்கிழமை என்றால் கால் நட்டு ஒரு ராத்திரி ஆகியிருக்கும்.

"மதினி, ஒரு அறையை மட்டும் முந்தித் திறக்கச் சொல்லப்படாதா? நீங்க அங்கதான வேல பாக்கிய?" என்றாள் அவள் அம்மா.

"நான் யாருகிட்டளா சொல்ல? அங்க என் சத்தம் எனக்கே கேக்காது."

"பக்கெட்டு தூக்குத ஆளுக்கு ஒரு வாய் சொல்ல உரிமை இல்லையா?"

"உரிமை இருக்கும்ளா. வாய்தான் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று தலையை நிமிர்த்தினாள். அவள் தங்கச்சி மான்குர்தில் இருக்கிறாள். எங்கள் சந்தில் ஒரு வரிசை வீட்டை இடித்தபோது அவர்களை மான்குர்தில் ஒரு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையே அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால், கால் நடும்போது அவள் வெளியே இருப்பாள். அங்கிருந்தே புதன்கிழமை விடுதிக்குப் போய்விடலாம். கெட்டிக்காரிதான். நான் கூட எழுந்து நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் கமிட்டிக்குப் போய்விட்டு வந்த பிள்ளையின் அப்பா சட்டையைக் கூடக் கழற்றாமல் சொன்னார், "மான்குர்த் ஆகாது."

"ஏன் ஆகாது?"

"அது நம்ம எல்லைக்குள்ள இருக்கு."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. முந்தின வருஷம்தான் அந்தக் கட்டடத்துக்குப் போனவர்கள் கமிட்டியில் வந்து அழுதார்கள். கால் நட்டால் நாங்கள் எங்கே படுப்பது, எங்களைத் தெருவை விட்டே தள்ளிவிட்டீர்களா என்று கேட்டார்கள். அதற்காகக் கமிட்டித் தலைவரே ஆட்களோடு லோக்கல் வண்டி ஏறிப் போய், அந்தக் கட்டடத்து வாசலில் எல்லைத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அங்கே படுத்தாலும் தெருவில் படுத்த மாதிரிதான் என்று ஆகிவிட்டது. இப்போது அதுவே எங்கள் வழியை அடைத்துக்கொண்டது. வெளியே கொண்டுபோய் விட வேறு சொந்தக்காரர் வீடும் கிடையாது.

பிள்ளை உள்ளே போய்ப் பக்கெட்டுக்குள் அடுக்கி வைத்திருந்ததை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. நான் பெரிதாக யோசித்துச் சொன்னதில்லை, ஒவ்வொரு நாளும் அந்த வண்டியில் போகிறவள் என்பதால் வாயில் வந்துவிட்டது.

"தம்பி, மான்குர்த்துக்குப் போற வண்டி செம்பூர் வழியாத்தான போவுது? எல்லை மான்குர்த் வரைக்கும் போச்சின்னா செம்பூரு மட்டும் வெளியவா கிடக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, எப்பயும் பேச மாட்டிய. பேசுனா இப்பிடி."

ஆனால் மறுநாளே அதைக் கமிட்டியில் கேட்டுவிட்டார். நாங்கள் பெண்கள் கோயில் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தேங்கா உடைச்ச எடம்தான்வே எல்லை," என்றார் தலைவர். அவருக்குச் சந்து முனையில் பலசரக்குக் கடை. தெருவில் வயதில் மூத்தவர், எல்லோரும் அண்ணாச்சி என்போம். "நடுவுல உள்ளது ரயில்வேக்காரன் எடம்."

"அப்ப ரயில்வேக்காரனையும் கொடைக்கு ஒரு கிடா தரச் சொல்லுங்க," என்று யாரோ சொன்னார்கள். ஒரே சிரிப்பு.

"சிரிக்காதிய. அவன் சாமியாடி. அவன் வீட்டுப் பிள்ள வெளிய படுத்து நாளைக்குத் தெருவுல ஒரு நோய் நொடி வந்தா யாருவே பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா?"

பிள்ளையின் அப்பா மெதுவாக, "அப்ப அங்கயும் ஒரு தேங்கா உடைச்சிருவோம் அண்ணாச்சி. மான்குர்த்துக்கு உடைச்ச மாதிரி," என்றார்.

ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு முடிச்சுப் போட்டார். புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்த விடுதி வாசலில் உடைப்பது. காய் நல்லபடியாக உடைந்தால் அம்மன் சம்மதித்த மாதிரி, பிள்ளை போகலாம். ஏறுக்குமாறாக ஏதாவது ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பிள்ளையின் அப்பா சரி என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்ல முடியும்?

செவ்வாய்க்கிழமை கால் நட்டார்கள். மஞ்சளும் வேப்பிலையும் கட்டி நின்ற அந்தக் கம்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வேறு எந்த வருஷமும் அப்படி இருந்ததில்லை.

புதன்கிழமை விடுதியில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பிள்ளைகள் காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். கோவண்டி, தாராவி, சுனாபட்டி என்று எங்கெங்கோ இருந்து. எல்லோருக்கும் சாவி, தலையணை. துவக்க விழாவுக்கு யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று ஹாலில் பூ கட்டினார்கள். ஹால் வாசல் பெஞ்சில் ஒரு பிள்ளையும் அதன் அம்மாவும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். சாவி வேண்டுமா என்று கேட்டேன். தலையாட்டியது. அது காத்திருக்கிற பட்டியலில் உள்ள பிள்ளையாம். வடாலாவாம். யாராவது வராமல் போனால் தனக்குக் கிடைக்கும் என்று வந்திருக்கிறது. நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தேன்.

வெயில் இறங்க ஆரம்பித்ததும் வாட்ச்மேன் என்னைத் தேடி ஆள் அனுப்பினார். "மாவுசி, உங்க ஊர்க்காரங்க தேங்காயும் உடுக்குமா வந்து நிக்கிறாங்க. என்ன விசேஷம்?"

ஓடினேன். கேட்டுக்கு வெளியே பிள்ளையின் அப்பா வேட்டியில் நிற்கிறார், வெறுங்காலோடு. அண்ணாச்சி, உடுக்கு அடிக்கிறவர், பிள்ளையின் அம்மா. பிள்ளை கையில் பெட்டி, பக்கெட். அவள் கண் உள்ளே ஹால் பக்கமே இருந்தது.

விடுதி வாசலில்தான் உடைக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. பெண் பிள்ளைகள் விடுதி, ஆம்பிளைகள் யாரையும் உள்ளே விட முடியாது என்றார் வாட்ச்மேன். ஒருவர் தமிழில் கத்த, மற்றவர் இந்தியில் கத்த, நடுவில் நான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளைதான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னாள். அப்போது பார்த்து விழாவுக்கு வருகிற பெரிய மனுஷரின் கார் வந்துவிட்டது. ஹாரன் அடிக்கிறது. எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றோம். கார் உள்ளே போனதும் வாட்ச்மேன் கொஞ்சம் இறங்கி வந்தார். அவர் ஊரிலும் எதற்கும் முதலில் தேங்காய் உடைப்பார்கள்தானே. "உடுக்கு வேண்டாம். நடைபாதையில் உடைச்சிக்கோங்க. சீக்கிரம். உள்ளே பேர் வாசிக்கப்போறாங்க," என்றார்.

"வாசிக்கப்போறாங்களாம்ப்பா," என்றாள் பிள்ளை.

"இரு. உடையாம உள்ள கால் வைக்கக் கூடாது."

சூடம் ஏற்றினார்கள். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். உள்ளே மைக்கில் யாரோ ஊதிப் பார்க்கிற சத்தம். பிள்ளையின் அப்பா கண்ணை மூடி, தேங்காயை நெற்றிக்கு நேரே தூக்கி, நடைபாதைக் கல்லில் ஓங்கி அடித்தார்.

சரியாக இரண்டாகத்தான் உடைந்தது. ஆனால் தண்ணீர் தெறித்த உடனேயே நாற்றம் வந்துவிட்டது. காய் அழுகல். ஒரு மூடி முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சூடம் தானாக எரிந்துகொண்டிருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. நானும் அந்த அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான், எனக்குப் பயம் இல்லை என்று எப்படிச் சொல்ல?

"பாத்துட்டியா?" என்றார் அண்ணாச்சி. "ஆத்தா வேண்டாம்னுட்டா. பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க, போவோம்."

வாட்ச்மேனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அட, கேபின்ல இன்னொரு தேங்காய் இருக்கு, பெயிண்ட்காரன் கொண்டுவந்தது. தரட்டுமா?" என்றார்.

"ரெண்டாவது காய் உடைக்க இது என்ன லாட்டரியா?" என்று அண்ணாச்சி திரும்பிக்கொண்டார்.

உள்ளே மைக்கில் முதல் பேர் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை, 'எஸ் மேடம்' என்றது.

பிள்ளை அழவில்லை. அப்பாவைப் பார்த்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "அப்பா, இந்தத் தேங்கா எங்க வாங்கினது?"

"அண்ணாச்சி கடை."

"அப்ப கெட்டுப்போனது கடைத் தேங்காதான? அம்மன் என்னப்பா செய்யும்?"

"ஏட்டி! யாருகிட்ட என்ன பேசுத?" என்று அண்ணாச்சி விரலை நீட்டினார். "ஊருக்கே என் கடைக் காய்தான் போவுது. ஒரு வீட்டுல ஒரு குத்தம் சொன்னது கிடையாது."

"போன மாசம் நான் வாங்குனதும் கறுப்புத்தான்," என்றாள் பிள்ளையின் அம்மா. பொத்திய வாயை எடுக்காமலேயே சொன்னாள்.

பிள்ளையின் அப்பா குனிந்து அந்த மூடியைக் கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். உள்ளே ஒவ்வொரு பேராகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் மூஞ்சியில் ஓடியதை நான் சொல்லிவிட முடியாது. அவர் அண்ணன் இருந்த இடத்தில் அவர் இன்னும் ஒரு தடவை கூட ஆடவில்லை. தெரு அவரைச் சாமி என்று ஒத்துக்கொள்ளுமா என்பதே தெரியாது. போ என்று சொன்னால் தெருவில் எது நடந்தாலும் இனி அவர் தலையில்தான் விழும். போகாதே என்றால் பிள்ளை மிஷினுக்கு. இரண்டும் அவருக்குத் தெரியும்.

மூடியை ஓரமாக வைத்தார்.

"வெயில்ல கெட்ட காய் இது," என்றார். "போளா உள்ள."

அண்ணாச்சி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டேன், மறு பிடியை அவள் பிடித்துக்கொண்டாள். அந்த வயதில் நான் ஓடினேன். பக்கெட் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஹாலுக்குள் போனால் வாசித்து முடித்திருந்தார்கள். வடாலாப் பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டாள், பெட்டி கையில். வார்டன் மேடம் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். பிள்ளைக்கு மூச்சு வாங்கி வார்த்தை வரவில்லை. எல்லோரும் எங்களையே பார்க்கிறார்கள், அந்தப் பெரிய மனுஷர் உட்பட. நான் அந்த ஹாலைத் துடைத்திருக்கிறேன், அத்தனை பேர் இருக்கும்போது அதில் நின்றதே கிடையாது.

"மேடம், ஆகயா," என்றேன். என் இந்தி அப்படித்தான், ஆண் பெண் பேதமெல்லாம் கிடையாது. பிள்ளை வந்துவிட்டது, கேட்டில்தான் நின்றது, சாமி காரியம் என்று சொல்லப் பார்த்தேன். "யே லட்கி கேட் மே தா. பகவான் கா காம் தா. அப் ஆகயா."

மேடம் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "மாவுசி, உங்களுக்குப் பேச வருமா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அப்புறம் பிள்ளையிடம் பேரைக் கேட்டு, தாளில் குறித்தார். வடாலாப் பிள்ளையின் அம்மா பெட்டியைக் கீழே வைத்த சத்தத்தை நான் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. நான் காலையில் விடுதி, ராத்திரி தெரு. அழுகல் காய் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர் டேங்கர் வராமல் போனால் சாமியாடி வீட்டைப் பார்த்தார்கள். கடைசி வீட்டில் ஒரு பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குழாயடியில் பேசிக்கொண்டிருப்பார்கள், எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா குடத்தோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். காரகானாவில் பிள்ளையின் அப்பாவுக்கே ஊசி விரலில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாடிப்படி துடைக்கும்போது பிள்ளை வந்து என்னைத் துணி உலர்த்துகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உடம்பு சுட்டது.

"அத்த, முதுகுல என்ன இருக்குன்னு பாருங்க. அரிக்குது."

சின்னச் சின்னதாய்ச் சிவந்த முத்து. அம்மை கூட முதலில் அப்படித்தான் இருக்கும். அதை எங்கள் பக்கம் அம்மன் வந்திருக்கிறாள் என்றுதான் சொல்லுவார்கள். கொடைக்கு இடையில் இரண்டே நாள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வேர்க்குருளா. மெத்தை ரெக்ஸின்லா, சூடு," என்றேன். அவளுக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா தெரியாது.

"அம்மைன்னா அப்பாவைக் கொன்னுருவாங்க அத்த."

"வாயை மூடு. வகுப்புக்குப் போ."

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. பிள்ளை எப்படி இருக்கா என்று கேட்டதற்கு, படிக்கிறா என்றேன். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் காய்ச்சல் விட்டிருந்தது, முத்து பாதி அமுங்கியிருந்தது. எனக்கு அந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை கொடை. நான் லீவு சொல்லிவிட்டேன். மத்தியானக் கொடைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது, சந்து கொள்ளாமல் ஜனம். மான்குர்த்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உடுக்கு அடிக்கிறது, மேளம் அடிக்கிறது, பிள்ளையின் அப்பா சன்னதி முன்னால் மஞ்சள் துணி கட்டி நிற்கிறார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என் காதில், "எப்படி வரும்? வீட்டுல குத்தம் இருக்குல்லா," என்றாள். பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

அப்புறம் வந்தது. அவர் அண்ணனுக்கு வருகிற மாதிரி குதிக்கவில்லை. கால் இரண்டும் தரையில் ஊன்றியபடியே உடம்பு மட்டும் ஆடியது. ஜனம் குலவை போட்டது. ஒவ்வொருவராகப் போய்க் குறி கேட்டார்கள். கடைசியில் அண்ணாச்சி முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆத்தா, கால் நட்ட பொறவு ஒரு பிள்ள எல்லைய தாண்டிப் போயி படுத்திருக்கே. அதுக்கு என்ன சொல்லுத?"

மேளக்காரர் கூட நிறுத்திவிட்டார். இந்த ஒரு வாய்ச் சொல்லில் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வரச் சொன்னால் நான்தான் போய்க் கூட்டி வர வேண்டும். நடுவில் இறங்கினால் இடம் போச்சு.

அவர் ஆட்டம் நிற்கவில்லை. கண் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது, பெரிய குரலும் இல்லை.

"எனக்குத் தெரியாமலா போனா?"

அவ்வளவுதான். அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் நின்றார். வேறு ஒன்றும் வரவில்லை. குனிந்து விபூதி வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அடுத்த ஆள் தன் மகனுக்கு வேலை கேட்க வந்துவிட்டான்.

அது அம்மன் சொன்னதா, அப்பா சொன்னதா? பிள்ளையின் அம்மாவிடம் பிற்பாடு ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு என்ன தெரியும் மதினி? அவியகிட்டயே கேட்டேன், எனக்கு ஞாபகமில்லைங்காவ," என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் யாரும் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தவில்லை, அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கடைசி வீட்டுப் பச்சைப் பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டது.

பிள்ளை மாதம் முழுக்க இருந்து முடித்தாள். மழை தொடங்கிய பிறகு பலகையில் இடம் கிடைத்தவர்கள் பேர் ஒட்டினார்கள். வாட்ச்மேன் விரல் வைத்துக் காட்டினார். அந்த இங்கிலீஷ் எழுத்தில் அவள் பேர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போது அவள் அதே வளாகத்தில் படிக்கிறாள். நான் துடைத்துக்கொண்டு போகும்போது பிள்ளைகள் முன்னால் சத்தமாக அத்தை என்று கூப்பிடுகிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது, வேண்டாம்ளா என்றால் கேட்பதில்லை. இந்தக் கோடையிலும் அந்த ஒரு மாத வகுப்பு உண்டாம். போன வாரம் மெத்தைகளை வெயிலில் போட்டாயிற்று.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் யாராவது ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். விடுதி திறப்பது தள்ளிப்போன சேதி வெள்ளிக்கிழமை வந்ததா சனிக்கிழமையா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்கு உடுக்கு கொண்டுவந்தவர் யார் என்பதும் மறந்துவிட்டது. அண்ணாச்சியிடமும் காட்டுங்கள், நான் கூட்டிச் சொல்லியிருந்தால் அவர் அடித்துவிடட்டும். இன்னொன்று. அந்த வடாலாப் பிள்ளையை அப்புறம் வேறு யாராவது விட்டுப்போன இடத்துக்குக் கூப்பிட்டார்களா, இல்லையா? முதல் வாரத்தில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன், ஆனால் அந்த அறையில் யாரைப் பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. வார்டன் மேடத்திடம் கேட்டு அதை மட்டும் எப்படியாவது தெரிந்து எழுதிவிடுங்கள்.